பிரிப்புக் கோடு

முதலில் தளமட்டங்கள்.
தரை, மேல்தளம், கூரை விளிம்பு:
மூன்று கிடைக்கோடுகள், முனையில் சின்ன வட்டம்.
இவற்றை யாரும் கட்டப்போவதில்லை.
சிமெண்டு கேட்காது, ஆணி கேட்காது.
ஆனால் ஒன்றை ஒரு சாண் உயர்த்தினால்
அதில் தொங்கும் அத்தனையும் எழுந்து நிற்கும்,
தலைமையாசிரியர் நுழைந்த வகுப்பு மாதிரி.

ஜூன் மாதம். புந்தா அரேனாஸில்
காலை பத்துக்குத்தான் விடிகிறது.
நீரிணைக்கு அப்பால், போர்வெனிரில் வரப்போகும் மருத்துவமனையை
விளக்கைப் போட்டுக்கொண்டு
என் மேசையில் எழுப்புகிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது
இங்கே பழமொழி இல்லை, விதி.
நேற்று மேற்குச் சுவரைக் கைதவறி அழித்தேன்.
பதினொரு ஜன்னல், இரண்டு கதவு, ஒரு தீயணைப்பான்
சொல்லாமல் கூடவே போயின.

கதவுக்குக் குடும்பம் உண்டு இந்த மென்பொருளில்.
குடும்பத்துக்குள் வகை. வகைக்குள் தனித்தனிக் கதவுகள்.
வகையின் அகலத்தைத் தொட்டால்
நாற்பத்திரண்டும் ஒரே மூச்சில் அகலும்.
பக்கத்து மேசை யெர்கோ தன் மூக்கைக் காட்டினான்:
"குரோவேஷியாவில் கப்பலேறியது.
என் சித்தப்பா பிள்ளைகள் எல்லாருக்கும் இதே அளவு.
யாரும் தனியாய்த் திருத்த முடியவில்லை."

அளவுக்கோடு, அம்பு, குறிப்பு:
இவை பிறந்த தாளைவிட்டு வெளியேறாதவை.
வெட்டுத்தோற்றத்தில் நான் எழுதிய "கவனம்"
தரைப்படத்தில் இல்லவே இல்லை.

அறையும் ஓர் உறுப்புதான்.
ஒன்றுமில்லாததற்கு ஓர் எண், ஒரு பெயர், ஒரு பரப்பளவு.
சுற்றிலும் எங்காவது விரல்கடை திறந்திருந்தால்
மஞ்சளாய் எச்சரிக்கை வரும்:
அறை அடைபடவில்லை.

செவிலி நோல்வியா கார்கமோ திரையில் வந்து கேட்டாள்:
"காற்று எழுந்தால் கப்பல் வராது.
அக்கரைக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவள்,
மகனைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்டவன்,
இவர்கள் எங்கே இருப்பது?
காத்திருப்புக் கூடத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்."

அமைச்சகப் பட்டியலில் அதற்கு வரி இல்லை.
வரி இல்லையென்றால் சுவருக்குக் காசில்லை.

கருவிப்பட்டையின் ஓரத்தில்
நான் அதிகம் தொடாத ஒன்று இருக்கிறது: பிரிப்புக் கோடு.
கனமில்லை, விலையில்லை.
அறை இங்கே முடிகிறது என்று
மென்பொருளின் காதில் மட்டும் சொல்லும்.
நடைபாதை அகன்று வளையும் மூலையில்,
ரேடியேட்டரை உள்ளே விட்டு,
தூணிலிருந்து தூணுக்கு இழுத்தேன்.
அறை இளநீலமாய் நிரம்பியது.
எண் நூற்றுப் பதினேழு.
ஒன்பது புள்ளி நான்கு சதுர மீட்டர்.
பெயர் கேட்டது.
நோல்வியா வாயில் வந்ததையே எழுதினேன்:
கப்பல் வராத நாள்.

மருந்துக் கிடங்குக்கும் கழிவறைக்கும் நடுவே
அது அச்சாகி, முத்திரை குத்தப்பட்டுத் திரும்பியது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச்சில் செகுந்தோ மான்சிய்யா,
தளத்திலிருந்து. பாதிச் சொற்களைக் காற்று தின்றது.
"நூற்றுப் பதினேழுக்குச் சுவர் எங்கே?"
இல்லை.
"கதவு?"
இல்லை.
"அப்புறம் எப்படி அறை?"
கோடு இருக்கிறது, என்றேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"சரி. கோட்டை எதில் போட?"
எதிலும் வேண்டாம் என்பதற்குள் அறுந்துவிட்டது.

சாயங்காலம் ஒரு படம் அனுப்பினான்.
தரைக்கு வந்த சாம்பல் நிற வினைல்
தூணுக்குத் தூண் நேராக நிற்கிறது.
அதற்கு அப்பால் சமையலறையில் மிஞ்சிய செங்கல் நிறம்.
நடுவே மயிரிழைத் தையல்,
நான் இழுத்த இடத்தில், மில்லிமீட்டர் பிசகாமல்.
ஓரத்தில் ஈரமான ஒரு ஜோடி பூட்ஸ், கோட்டுக்கு உள்ளே.
அன்று கப்பல் வரவில்லையாம்.

கட்டியதைக் கட்டியபடி கோப்பில் ஏற்ற வேண்டும்.
அந்தத் தையலை எந்த இனத்தில் சேர்ப்பதென்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.
பூட்ஸை வரையவில்லை.